பக்கம் எண்பத்து மூன்று, கடைசி வரி

இந்த நாட்டில் சனிக்கிழமை காலையில் தெருவில் நடந்தால் வீட்டு வாசல்களில் அட்டைப்பெட்டிகள் இருக்கும். பெட்டியின் மேல் ஒரு தாளை ஒட்டி, அதில் பட்டையான எழுத்தில் ‘ட்ஸு ஃபெர்ஷெங்கென்’ என்று எழுதியிருப்பார்கள். சும்மா தருகிறோம், வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளலாம் என்று அர்த்தம். உள்ளே காது உடையாத பீங்கான் கோப்பைகள், குழந்தையின் மழைக்காலணி, பாதி எரிந்த மெழுகுவர்த்தி, கட்டுக்கட்டாகப் புத்தகங்கள். காவலுக்கு ஆள் கிடையாது. கொடுப்பவர் திரைச்சீலைக்குப் பின்னால் காப்பி குடித்துக்கொண்டிருப்பார். ஜெர்மனிக்கு வந்து ஏழு வருடம் ஆகிறது. நான் இதுவரை ஒரு பெட்டியிலும் கை வைத்ததில்லை. கொடுக்கிறவர் எதிரில் நின்று கையால் கொடுக்காத ஒன்றை எடுத்துக்கொண்டு நடந்தால் எங்கள் திருவண்ணாமலையில் அதற்கு வேறு பெயர்.

போன சனிக்கிழமை கை வைத்தேன். ரொட்டி வாங்கப் போகும் வழியில், ஒரு பெட்டியில் சமையல் புத்தகங்களுக்கு அடியிலிருந்து ஒரு தடித்த முதுகு தெரிந்தது. கருநீல அட்டை, வெள்ளை எழுத்து. சி மொழியில் நிரல் எழுதக் கற்றுத்தரும் அமெரிக்கப் புத்தகம். அட்டையின் நிறத்தை நான் ஒரே ஒரு நாள்தான் பார்த்திருக்கிறேன். ஆனால் உள்ளே இருந்தது முக்கால்வாசி எனக்கு மனப்பாடம். நடைபாதையிலேயே குந்தி உட்கார்ந்து எண்பத்து மூன்றாம் பக்கத்தைப் புரட்டினேன். அந்தப் பக்கத்தின் கடைசி வரியை என் வாழ்க்கையில் முதல்முறையாக அன்றைக்குத்தான் அச்சில் படித்தேன்.

வீட்டுக்காரப் பெரியவர் வெளியே வந்தார். மகனுடைய புத்தகமாம், மகன் இப்போது வேறு ஊரில் இருக்கிறானாம். படித்துவிட்டு எப்போது திருப்பித் தரவேண்டும் என்று என் ஜெர்மனில் கேட்டேன். என் இலக்கணத்தில்தான் கோளாறு என்று நினைத்திருப்பார். ‘பெஹால்டன், பெஹால்டன்’ என்று காது கேளாதவனிடம் சொல்வதுபோல இரண்டு முறை உரக்கச் சொன்னார். வைத்துக்கொள் என்று அர்த்தம். எதுவரை என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டார். பிறகு, இதெல்லாம் இப்போது இன்டர்நெட்டிலேயே சும்மா கிடைக்கிறதே, இதை எடுத்து என்ன செய்யப்போகிறீர்கள் என்றார். நல்ல மனிதர், கேள்வியும் நியாயமானதுதான். எனக்குத்தான் கோபம் வந்தது.

தொண்ணூற்றைந்து வாக்கில், நானும் தரணேந்திரனும் ஊரில் கணிதப் பட்டம் வாங்கிவிட்டு அடுத்து என்ன என்று தெரியாமல் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் சேர்ந்திருந்தோம். தரணி கீழ்பென்னாத்தூர் பக்கத்துக் கிராமத்துப் பையன். தலைமுறை தலைமுறையாக அங்கேயே இருக்கும் சமண நயினார் குடும்பம், மல்லாட்டை என்கிற நிலக்கடலை போடும் நிலம், ஊரிலேயே அவர்களுக்கென்று ஒரு சின்ன ஜினாலயம். பொழுது சாய்ந்தால் சாப்பிடமாட்டான். சென்டரில் எங்களுக்கு ஒதுக்கிய மெஷின் நேரம் வாரத்துக்கு ஒரு மணி, அதுவும் சாயங்காலம். மார்கழி, தை மாதங்களில் பாதி நேரத்தில் எழுந்து டிபன் பாக்ஸைத் திறக்க ஓடுவான். மீதி நேரத்தில் நான் தட்டுவேன். பாடம் நடத்தியவருக்கே சி மொழி அரைகுறை. கரும்பலகையில் எழுதிப்போடுவார், நாங்கள் நோட்டில் எழுதிக்கொள்வோம், ஏன் என்று கேட்டால் ‘அது அப்படித்தான்’ என்பார். புத்தகம் என்று ஒன்று வேண்டுமானால் சென்னைக்குப் பஸ் ஏறவேண்டும். ஏறினாலும் அந்த விலைக்கு எங்கள் வீடுகளில் வேறு செலவுகள் வரிசையில் நின்றன.

என் மாமா ரமணாசிரமம் பக்கம், செங்கம் ரோட்டில் வெள்ளைக்காரர்களுக்கு அறை வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தார். ஒரு நாள் காலையில் நானும் தரணியும் அங்கே போனபோது மாடி அறைக்காரர் மூட்டை கட்டிக்கொண்டிருந்தார். அவர் தன் நாட்டில் கம்ப்யூட்டர் வேலையில் இருந்தவர் என்றும், அதெல்லாம் மாயை என்று தெரிந்துகொண்டு மலையைச் சுற்ற வந்தவர் என்றும் மாமா ஏற்கெனவே சொல்லியிருந்தார். அவர் கட்டிலின் மேல் அந்தப் புத்தகம் கிடந்தது. அவர் எதைத் துறக்க எங்கள் ஊருக்கு வந்தாரோ அதைப் பிடிக்க நாங்கள் நாயாக அலைந்துகொண்டிருந்தோம். தரணி அதைத் தொட்டுப் பார்க்கலாமா என்று கேட்டான். தொட்டான், புரட்டினான், கீழே வைக்க மனமில்லாமல் நின்றான். அந்த மனிதர் சிரித்துக்கொண்டே சொன்னார்: ‘யூ கேன் கீப் இட். ஐயாம் லீவிங் திஸ் ஈவினிங்.’

எங்களுக்குத் தெரிந்த இங்கிலீஷில் கீப் என்றால் வை. கீப் த புக் ஆன் த டேபிள் என்றுதான் பள்ளிக்கூடத்திலிருந்து சொல்லி வந்திருக்கிறோம். இன்று சாயங்காலம் கிளம்புகிறேன், அதுவரை வைத்திருங்கள் என்கிறார் என்று நான் தரணிக்கு மொழிபெயர்த்தேன். அவனைவிட எனக்கு இங்கிலீஷ் நன்றாக வரும் என்று இருவருமே நம்பிய காலம் அது. படிக்கட்டில் இரண்டிரண்டு படியாக இறங்கி ஓடினோம்.

தேரடி வீதிக்குப் பக்கத்துச் சந்தில் ஒரு ஜெராக்ஸ் கடை இருந்தது. ஐந்நூறு பக்கத்துக்கு மேல். சாயங்காலத்துக்குள் முடிக்க வேண்டுமென்றால் புத்தகத்தை விரித்து வைத்து இரண்டு பக்கத்தை ஒரே நீளமான லீகல் தாளில் எடுத்தால்தான் ஆகும். புத்தகத்தின் உயரம் தாளின் அகலத்தைவிட ஜாஸ்தி. சின்னதாக்கி எடுக்கும் வசதி அந்த மெஷினில் இல்லை. கடைக்காரர் முதல் தாளை எடுத்துப் பார்த்துவிட்டு, “அடில ஒரு வரி போவும் தம்பி, பரவால்லியா?” என்றார். நான் மணியைப் பார்த்தேன். “பரவால்லிங்க, போடுங்க” என்றேன். மூடி மேலே போக, பச்சை வெளிச்சம் ஓட, தாள் சூடாக விழ, இடையில் இரண்டு தடவை கரன்ட் போக, நாங்கள் வெளியே எட்டி எட்டி வெயிலைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பொழுது சாய்வதற்குள் புத்தகத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது அந்த மனிதர் ஒரு கணம் எங்களை விநோதமாகப் பார்த்தார். நல்ல பையன்கள் என்று நினைக்கிறார் என்று எங்களுக்குப் பெருமை. மறுநாள் மாமா சொன்னார், அவர் அதை அறையிலேயே போட்டுவிட்டுப் போய்விட்டாராம், பழைய பேப்பர்காரனுக்கு எடைக்குப் போட்டாயிற்றாம். பாவம், மறந்துவிட்டார் போலிருக்கிறது என்று நாங்கள் அவருக்காகப் பரிதாபப்பட்டோம். பேப்பர் கடைக்கு ஓடிப்போய்ப் பார்த்தோம். அதற்குள் மூட்டை வேலூர் போயிருந்தது.

ஆக எங்கள் புத்தகத்தில் ஒவ்வொரு பக்கத்துக்கும் கடைசி வரி கிடையாது. நானும் தரணியும் ஒரு மாதம் உட்கார்ந்து அந்த வரிகளை நிரப்பினோம். மேலே இருக்கும் வாக்கியத்தையும் அடுத்த பக்கத்துத் தொடக்கத்தையும் வைத்து இடையில் என்ன இருந்திருக்கும் என்று நான் யூகித்துச் சொல்வேன், அவன் எழுதுவான். அவன் கையெழுத்து அச்சு மாதிரி இருக்கும். கறுப்பு மையில், அதே அளவு எழுத்தில், தாளின் அடியில் ஒட்டியும் ஒட்டாமலும் எழுதுவான். பெரும்பாலான வரிகளில் எங்கள் யூகம் சரியாகவே இருந்திருக்கும் என்று இன்றும் நம்புகிறேன். இவ்வளவு நெருக்கமாக ஒரு புத்தகத்தை அதற்குப் பிறகு நான் படித்ததில்லை. ஒவ்வொரு வரியிலும் ஏன் என்று கேட்டோம். எங்களுக்கு வாய்த்த வாத்தியார் அந்தக் காணாமல்போன வரிதான்.

எண்பத்து மூன்றாம் பக்கத்தில் சிக்கல். நிரல் எழுதாதவர்களுக்கு எளிதாகச் சொல்கிறேன். கம்ப்யூட்டரிடம் ஒரு பெட்டி கேட்கலாம், அதற்குப் பெயர் வைக்கலாம், அதற்குள் ஓர் எண்ணைப் போடலாம். பெட்டியைக் கேட்டு வாங்கிவிட்டு எதுவும் போடாமல் விட்டால் உள்ளே என்ன இருக்கும்? ‘மதிப்பு தரப்படாத அந்தப் பெட்டியில் இருப்பது’ என்பதோடு பக்கம் வெட்டுப்பட்டிருந்தது. அடுத்த பக்கம் வேறு பாடம், துப்பு கிடையாது. எதுவும் போடாத பெட்டியில் என்னடா இருக்கும், ஜீரோதான் என்றேன். தரணி பேனாவை வைத்துவிட்டு, போட்டுப் பார்த்துவிடலாம் என்றான். அந்த வாரம் மெஷின் நேரத்தில் போட்டுப் பார்த்தோம். ஜீரோதான் வந்தது. அவன் அழகாக எழுதினான். சொன்னது நான், எழுதியது அவன். அந்த ஜெராக்ஸிலிருந்து பிறகு எத்தனையோ பேர் ஜெராக்ஸ் எடுத்துப் போனார்கள். ஒவ்வொரு நகலிலும் அச்செழுத்து கொஞ்சம் மங்க, அவன் எழுத்து கொஞ்சம் மங்க, கடைசியில் எது அச்சு, எது கை என்று பிரித்துச் சொல்ல முடியாமல் போயிற்று.

அந்தப் பதில் தப்பு. அன்றைக்கு ஜீரோ வந்தது தற்செயல்.

இங்கே என் அலுவலகத்தில் டோபியாஸ் என்று ஒருவன் பக்கத்து மேஜையில் இருக்கிறான். நான் சேர்ந்த புதிதில் ஒரு நாள் மழையில் நனைந்து வந்து, கதவருகே நின்ற அவனிடம் என் குடையை நீட்டி, ‘ப்ளீஸ் கீப் இட்’ என்றேன். ஓரமாக வை என்ற அர்த்தத்தில். அவன் முகம் மலர்ந்தது. நிஜமாகவா, மிகவும் நன்றி என்றான். சாயங்காலம் என் குடையைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டான். நான் நனைந்துகொண்டே டிராம் நிறுத்தத்தில் நின்றேன். ஒரு மனிதன் ஏன் இப்படிச் செய்கிறான் என்று யோசித்தேன், யோசிக்க யோசிக்க செங்கம் ரோட்டு மாடி அறை ஞாபகம் வந்தது. யூ கேன் கீப் இட். அவர் கொடுத்திருக்கிறார். மொத்தமாகவே கொடுத்திருக்கிறார். நாங்கள் அதன் கடைசி வரிகளை வெட்டிவிட்டுப் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்திருக்கிறோம். டிராம் வந்தது, போனது, நான் ஏறவில்லை.

இந்த டோபியாஸிடம் ஒருமுறை மட்டும் எங்கள் ஜெராக்ஸ் கதையைச் சொன்னேன், என் பங்கை விட்டுவிட்டு. அவன் கேட்டுவிட்டு, ஆனால் எல்லாம் நெட்டில் சும்மா இருந்ததே, நீங்கள் ஏன் அதைப் படிக்கவில்லை என்றான். அவன் பதினைந்து வயதில் தன் படுக்கையில் படுத்துக்கொண்டு அந்த ஆவணங்களை எல்லாம் படித்து வளர்ந்தவன். சும்மா என்றால் அவனுக்குச் சும்மா. ஊரில் சும்மாவுக்கு முன்னால் ஒரு போன் லைன் வேண்டும், ஒரு மோடம் வேண்டும், அறுந்து அறுந்து வரும் இணைப்புக்கு மணிக்கணக்கில் காசு வேண்டும். அதெல்லாம் இருந்தாலும் என்ன கேள்வி கேட்க வேண்டும் என்று தெரிந்திருக்க வேண்டும். புத்தகம் நாம் கேட்காததையும் சேர்த்துச் சொல்லும். நெட்டிடம் கேட்டால்தான் சொல்லும். ஜீரோ என்று உறுதியாக நம்பிக்கொண்டிருப்பவன் எதைத் தேடுவான்? இதையெல்லாம் அவனிடம் சொல்லவில்லை. என் கோபத்தின் வேர் வேறிடத்தில் இருந்தது. ஒரு கட்டத்தில் எனக்கும் அது சும்மா கிடைத்தது என்பதுதான் அந்த வேர்.

தொண்ணூற்றெட்டில் செங்கம் ரோட்டில் வெளிநாட்டுக்காரர்களுக்காக ஒரு பிரவுசிங் சென்டர் திறந்தார்கள். மாமா சொல்லி எனக்கு அங்கே வேலை கிடைத்தது. ஆசையை அறுக்க வந்தவர்கள் வரிசையில் நின்று வீட்டுக்கு மின்னஞ்சல் அனுப்புவார்கள், பதில் வரவில்லையென்றால் என்மேல் பாய்வார்கள். மத்தியானம் அவர்கள் தியானத்துக்குப் போனதும் மெஷின்கள் காலியாக இருக்கும், நான் மேய்வேன். அப்படித்தான் ஏதோ ஒரு பல்கலைக்கழகம் போட்டு வைத்திருந்த சி மொழிக் கேள்வி பதில் பக்கத்தில் ஒரு நாள் போய் விழுந்தேன். மதிப்பு தராத பெட்டியில் என்ன இருக்கும் என்று அங்கே ஒருவர் கேட்டிருந்தார். குப்பை என்று பதில். ஜீரோ என்று நம்பாதே, சில சமயம் ஜீரோ வந்து உன்னை ஏமாற்றும் என்று ஒரு எச்சரிக்கை வேறு, எங்களைப் பார்த்தே எழுதியதுபோல. அந்தப் பக்கத்தைப் பிரின்ட் எடுத்தேன். சிவப்புப் பேனாவால் அடிக்கோடு போட்டேன். தரணியிடம் காட்டவேண்டும் என்றுதான் எடுத்தேன், அது சத்தியம்.

சென்னையில் ஒரு கம்பெனி ஆள் எடுக்கிறது என்று எங்கள் இருவருக்கும் கடிதம் வந்திருந்த சமயம் அது. அன்று சாயங்காலம் தரணி சைக்கிளில் வந்தான். வாசலில் நின்றபடியே, எண்பத்து மூணாவது பக்கம் வரைக்கும் தலைகீழாகச் சொல்லுவேன்டா என்றான். அவனைவிட நான் கெட்டிக்காரன் இல்லை என்பது எனக்கு எப்போதுமே தெரியும். இரண்டு பேர் போகிறோம், ஒருவனைத்தான் எடுப்பார்கள் என்றால் அது அவனாகத்தான் இருக்கும். இந்த நினைப்பு வந்தபோது என் கை அந்தத் தாள் இருந்த மேஜை டிராயரை மூடியது. நாளைக்குக் காட்டலாம் என்று நினைத்துக்கொண்டேன். மறுநாளும் அதையேதான் நினைத்தேன். இரண்டு வாரத்துக்கு மேல் ஒவ்வொரு நாளும் நாளைக்கு என்றே இருந்தேன். ஒரு முடிவும் எடுக்காமலே ஒரு துரோகத்தைச் செய்து முடித்துவிடலாம் என்று அப்போதுதான் கற்றுக்கொண்டேன்.

மார்ச் கடைசியில் நேர்முகத் தேர்வு. என்னை முதலில் கூப்பிட்டார்கள். அந்தக் கேள்வி வந்தது. குப்பை என்றேன், தலையசைத்தார்கள். தரணியைக் கூப்பிட்டபோது நான் வெளியே பெஞ்சில் இருந்தேன். கதவு சரியாக மூடவில்லை. அதே கேள்வி. ஜீரோ என்றான். இல்லை என்றார் உள்ளே ஒருவர். தரணி பணிவாக, புக்கில் இருக்கிறது சார் என்றான். எந்தப் புக்கில் என்று அவர் கேட்க, புத்தகத்தின் பெயரைச் சொல்லி, பக்கம் எண்பத்து மூன்று, கடைசி வரி என்றான். சிரிப்புச் சத்தம் கேட்டது. தன் கையால் எழுதிய வரியை அவன் அச்சு என்றே நம்பிவிட்டிருந்தான்.

முடிவை அன்றைக்கே ஒட்டிவிட்டார்கள். என் பெயர் இருந்தது, அவன் பெயர் இல்லை. திரும்பி வரும் பஸ்ஸில் திண்டிவனம் தாண்டும்போது பொழுது சாய்ந்துவிட்டது. காத்திருந்ததில் அவன் சாப்பிட்டிருக்கவில்லை. இனி விடியும்வரை சாப்பிடமாட்டான். என் மடியில் இட்லிப் பொட்டலம் இருந்தது. அவன் பக்கத்திலேயே உட்கார்ந்து நான் சாப்பிட்டேன். சாப்பிட்டு முடித்ததும் அவன் கேட்டான்: “அந்தக் கேள்வி உங்கிட்ட கேட்டாங்களா? நீ இன்னா சொன்ன?”

“ஜீரோனுதான் சொன்னேன்” என்றேன். “ஒண்ணும் சொல்லல. அடுத்த கேள்விக்குப் போய்ட்டாங்க.”

பிறகு தன் இங்கிலீஷ் சரியில்லை, தன் செருப்பைப் பார்த்தார்கள், கிராமத்தான் என்று தெரிந்துவிட்டது, அதுதான் காரணம் என்று அவனே ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தான். நான் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினேன். மறைத்ததைக்கூட என்னால் ஒருவிதமாகச் சொல்லிச் சமாளித்துக்கொள்ள முடிகிறது. அந்தத் தலையாட்டலை முடியவில்லை.

வேலையில் சேரும் முன் என் பிரவுசிங் சென்டர் வேலையைத் தரணிக்கு வாங்கிக் கொடுத்தேன். அதைப் பெரிய பரிகாரமாக நினைத்துக்கொண்டேன். எல்லா ஆவணமும் அங்கே சும்மா கிடக்கிறது, படித்து மேலே வந்துவிடுவான். அவனும் படித்தான், என்னைவிட நன்றாகவே படித்தான். ஆனால் அதற்குள் கம்பெனிகள் அந்தந்த வருடம் பட்டம் வாங்கியவர்களை மட்டும் கூப்பிடத் தொடங்கியிருந்தன. கதவு சாத்தியபின் அறிவு வந்து என்ன செய்ய? தீபாவளிக்கு ஊருக்குப் போனபோது சென்டரில் அவனோடு உட்கார்ந்து பேசிவிட்டு வந்தேன். அடுத்த வருடம் ஜெர்மனி கம்ப்யூட்டர்காரர்களுக்கு விசா தருகிறது என்றார்கள். அதற்கடுத்த வருடம் நான் விமானம் ஏறினேன்.

இரண்டு வருடம் முன்பு, டோபியாஸின் குடையில் எனக்குப் புரிந்ததையும் சேர்த்து எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று தீர்மானித்துக்கொண்டு கீழ்பென்னாத்தூர் போனேன். பஸ் நிறுத்தத்தருகே தரணி கடை வைத்திருக்கிறான். ஜெராக்ஸ், லேமினேஷன், ஆன்லைனில் விண்ணப்பம் பூர்த்தி செய்து தருவது. தலையில் முன்பக்கம் முடி கம்மியாகியிருந்தது. “வாடா, எப்ப வந்த?” என்று சாதாரணமாகக் கேட்டான். ஒரு அம்மாவின் ரேஷன் கார்டை மெஷினில் வைத்து, நான்கு ஓரமும் விழுகிறதா என்று பார்த்து, பிறகுதான் பட்டனை அழுத்தினான். அவன் கடையில் எதற்கும் ஓரம் வெட்டுப்படுவதில்லை. கூட்டம் குறைந்ததும் நான், அந்த இன்டர்வியூ விஷயமா என்று ஆரம்பித்தேன். அவன் கையைக் காட்டி நிறுத்தினான். அடித்தட்டிலிருந்து எங்கள் பழைய ஜெராக்ஸ் கட்டை எடுத்து என் முன்னால் வைத்தான். எண்பத்து மூன்றாம் பக்கம் தானாகத் திறந்தது. ஜீரோ என்பதை ஒற்றைக் கோட்டால் அடித்து, பக்கத்தில் குப்பை என்பதற்கான இங்கிலீஷ் சொல்லை அதே அச்சு எழுத்தில் எழுதியிருந்தான். அந்த இடத்தில் ஒரு தாள் நான்காக மடித்து வைக்கப்பட்டிருந்தது. சிவப்பு அடிக்கோடு மங்கியிருந்தது.

பிரவுசரில் பிரின்ட் எடுத்தால் தாளின் அடியில் இணைய முகவரியும் தேதியும் தானாக விழும். எங்கள் புத்தகத்துக்குக் கடைசி வரி இல்லை. இந்தத் தாளுக்கு இருந்தது. 03/11/99.

“பொங்கலுக்கு டிராயர் க்ளீன் பண்ணப்ப கெடச்சிது” என்றான் தரணி. “நவம்பர் மூணுனு நெனச்சேன். தீபாவளிக்கு வந்தியே, அப்ப நீ பாத்து எடுத்திருப்பனு நெனச்சேன். ரெண்டு மாசம் அப்படியேதான் நெனச்சினு இருந்தேன். அப்பறம் ஒரு நாளு நானே ஒரு பிரின்ட் எடுத்தேன். பாத்தா மாசம் முன்னாடி வருது, தேதி பின்னாடி வருது.”

மார்ச் பதினொன்று. நேர்முகத் தேர்வுக்கு இரண்டு வாரத்துக்கும் மேல் முன்னால்.

ஏன்டா ஒரு வார்த்தை கேட்கவில்லை என்றேன். என் குரல் எனக்கே அசிங்கமாக இருந்தது.

“கேட்டா நீ இன்னொரு பொய் சொல்லியிருப்ப” என்றான். கோபம் இல்லாமல் சொன்னான், அதுதான் தாங்கவில்லை. “அந்த ரெண்டு மாசம் நல்லா இருந்திச்சுடா.”

டீ வந்தது. குடித்தோம். கீப் இட் என்பதன் அர்த்தத்தை நான் சொல்ல வாயெடுத்தபோது, அதுவும் தெரியும் என்றான். வெள்ளைக்காரர்களோடு இரண்டு வருடம் குப்பை கொட்டினேனே, தெரியாமல் போகுமா என்று லேசாகச் சிரித்தான். இந்தத் திருத்தத்துக்கு முன்னால் எத்தனை நகல் வெளியே போயிருக்கும் என்று கேட்டேன். உதட்டைப் பிதுக்கினான். நான் வேலை செய்யும் இடத்தில் ஆவணங்களைப் பராமரிப்பதும் என் பொறுப்புதான். ஒரு வரி தப்பென்றால் ஒரு பட்டனைத் தட்டினால் போதும், உலகம் முழுக்க அந்த நிமிடமே சரியாகிவிடும். தப்பாக இருந்ததற்கு அடையாளம்கூட மேலே தெரியாது. நானும் தரணியும் விட்ட வரி அப்படிப்பட்டதில்லை. அது இன்னும் எந்தெந்த வீட்டுப் பரணிலோ ஜீரோ என்று சொல்லிக்கொண்டிருக்கிறது. கிளம்பும்போது வேறு என்ன சொல்வதென்று தெரியாமல், அந்தப் புத்தகத்தை முழுசாக வாங்கி அனுப்பட்டுமா என்று கேட்டேன்.

“இன்னாத்துக்கு?” என்றான். “இப்ப எல்லாம் நெட்லயே சும்மா கெடக்குதே.”

பெரியவரும் டோபியாஸும் சொன்ன அதே வாக்கியம். அவர்கள் சொல்லும்போது எனக்குக் கோபம் வருகிறது. அவன் சொன்னபோது பஸ் ஏறிவிட்டேன்.

போன சனிக்கிழமை எடுத்துவந்த புத்தகம் இப்போது என் சமையலறை மேஜையில் இருக்கிறது. ரொட்டி வாங்க மறந்துவிட்டேன். எண்பத்து மூன்றாம் பக்கத்தின் கடைசி வரியை நீங்களும் தெரிந்துகொள்ளலாம்: மதிப்பு தரப்படாத அந்தப் பெட்டியில் இருப்பது, முன்பு அந்த இடத்தில் இருந்தது விட்டுச்சென்ற மிச்சம். அவ்வளவுதான். இந்த ஊர் என்னை ஒரு காலிப்பெட்டியாகத்தான் வாங்கியது, ஏழு வருடமாக உள்ளே எதையும் போடவுமில்லை. கேட்டால் நான்கூட ஜீரோ என்றுதான் சொல்லியிருப்பேன்.

புத்தகத்தை விரித்து, அடிப்பக்கத்தில் கட்டைவிரலை வைத்து அந்த வரியை மறைத்துப் பார்க்கிறேன். தேரடிச் சந்து, சூடான தாள், பக்கத்தில் பேனாவைத் திறந்துகொண்டு நான் என்ன சொல்லப்போகிறேன் என்று என் வாயைப் பார்த்தபடி தரணி. விரலை எடுத்தால் ஜெர்மனி, வேலை, சரியான விடை. காலையிலிருந்து வைத்திருக்கிறேன். விரல் மரத்துவிட்டது. எடுக்கத்தான் மனம் வரவில்லை.